டீ வாங்கிவரும் நேரம்

இறந்துபோன மனைவி பிலோமினாவின் மனத்தைப் பிரதியெடுத்து வைத்திருந்த பழைய கணினி, கொஞ்ச நாளாகவே திணறியது. அவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். பொறுக்க முடியாமல் சவரிமுத்து புதுக் கணினி வாங்கி, அவளை அதற்கு மாற்றினார்.

"கொஞ்சம் இரு பிலோ, டீ வாங்கிட்டு வந்திருதேன்."

தெருமுனைக்குப் போய்த் திரும்பினால், அவள் குரலுக்குப் பதில் கீச்சென்ற ஓசைதான் கேட்டது. மாடிவீட்டு நஸ்ரீன் ஓடிவந்தாள். பழைய கேம்களைப் புதுக் கணினியில் ஓடவைப்பது அவள் வேலை.

"மாமா, பழைய புரோகிராமுக்குத் தனியா கடிகாரம் கிடையாது. கணினியோட துடிப்ப எண்ணித்தான் நேரம் பாக்கும். பழைய கார் ரேஸ இதுல போட்டா, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள முடிஞ்சிரும். அத்தையும் இப்ப அந்த வேகத்துலதான் ஓடுதாவ. வேகத்தக் குறைக்கணும். ஆன் பண்ணிட்டு எங்கயும் போவலல்லா?"

"டீ வாங்கப் போனேன்."

விசைப்பலகையில் நஸ்ரீனின் விரல்கள் நின்றன.

"அவளுக்கு எம்புட்டு நேரம் ஆயிருக்கும்மா?"

"கேக்காதீங்க மாமா."

வேகத்தைக் குறைத்தாள். கீச்சொலி தணிந்து, தளர்ந்த குரலானது.

"பிலோ" என்றார்.

"யாரு? எங்க வீட்டுக்காரவ டீ வாங்கப் போயிருக்காவ. வழியில பாத்தியளா?"

சவரிமுத்துவின் கையில் டீ பார்சல் இன்னும் சுட்டது.