சில்லுக்குக் கீழே தேசிக்காய்

விமானச் சில்லின் கீழே நசுங்கிப் புளிச்சாறு கசிந்துகிடந்த தேசிக்காயில், பாதுகாப்புப் பரிசோதகரின் சப்பாத்து வழுக்கியது. கடற்படையின் சோதனை விமானிகளைப் பழக்கும் எழுபது வயது விமானம் அது. ரொறன்ரோவில் திருத்தம் முடிந்து அன்றுதான் கிளம்பவிருந்தது.

“சீ, அரியண்டம்! ஊர் மூடப்பழக்கத்தை இஞ்சையும் காவிக்கொண்டு வந்திட்டியோ?” பரிசோதகருக்குக் கேட்கும்படி தமிழிலும் இங்கிலிஷிலும் பாய்ந்தார் மேலாளர் ஜெயரட்ணம்.

“சத்தியமா நான் வைக்கேல்லை, அண்ணை!” என்றான் மெக்கானிக் மிதுனன்.

“பின்னை ஆர், வெள்ளைக்காரனோ? ஜக்கெற்றைக் கழட்டி வைச்சிட்டு வீட்டை போ!”

சேர்ந்து மூன்றே வாரம். இந்த வேலை போனால் விசாவும் போய்விடும். ஜக்கெற்றைக் கழற்றினான் மிதுனன்.

அந்நேரம் வெள்ளைக்கார விமானி வந்து ஜெயரட்ணத்தின் தோளில் தட்டினான்.

“ஜே, போன முறை மாதிரி எல்லாச் சில்லுக்கும் தேசிக்காய் வைத்துவிட்டீர்களா? நீங்கள் வைக்காமல் நான் ஏற மாட்டேன்!”

பரிசோதகரின் பேனை நின்றது. ஜெயரட்ணத்தின் கை, புடைத்திருந்த காற்சட்டைப் பையைப் பொத்தியது.

மிதுனன் ஜக்கெற்றைத் திரும்ப மாட்டினான். காறித் துப்ப வந்ததை விழுங்கிக்கொண்டு சொன்னான்:

“மிச்சத்தையும் வையுங்கோ, அண்ணை. நேரம் போகுது.”