ஒரு கிண்ணம் மோருகறி

"அத்தை, அந்தக் கிண்ணத்தைக் கீழே வைங்க."

செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்த சரோஜம்மா திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"ராஜப்பண்ணன் வீட்டில இன்னைக்கு மோருகறி. வாங்கிட்டு வந்துடறேன்."

"நம்ம வீட்டில நான் மீன்குழம்பு வெச்சிருக்கேன்ல?" மஞ்சுஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் படியில கிண்ணத்தோட நிக்கறீங்க. குழாயடியில ஜிஷா என்ன கேட்டா தெரியுமா? 'சேச்சி, மாமியாருக்குச் சோறு கொடுக்கறதில்லையா?' எல்லாரும் சிரிச்சாங்க."

"அவ கிடக்கா."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. இந்த லைன் வீடு முழுக்க என்னைத்தான் பேசுது. அதுவும் யார்கிட்டப் போய்க் கேட்கறீங்க? பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு ஒத்தையா இருக்கற மனுஷன்கிட்ட!"

"நல்லா வைக்கறார்டி. முதல்ல ஒரே உப்பா இருந்தது. நான்தான் திட்டினேன். இப்போ மோர்ல தேங்காய் அரைச்சு விட்டு, மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டி... பார்க்கவே என்ன அழகு!"

"அப்போ நான் வைக்கறது நல்லா இல்ல?"

சரோஜம்மா செருப்பைக் கழற்றினாள். கிண்ணத்தை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. போகல."

இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். மறுநாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை.

மஞ்சுஷாவுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள்.

ராஜப்பன் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறிப்போன சாயா, பாதி கடித்த பன்.

"மாமா, இனிமே அத்தை உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"அய்யோ, சரோஜம்மாவுக்குச் சுகமில்லையோன்னு நினைச்சேன் மோளே. ரசம் வைக்கச் சொல்லியிருந்தாங்க. தக்காளி எல்லாம் வாங்கி வெச்சேன். ஆள் வரல. எனக்கு ஒருத்தனுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இதைச் சாப்பிடுங்க."

"சாப்பிடறேன், சாப்பிடறேன்."

பாத்திரத்தை வாங்கி மேடைமேல் வைத்து மூடினார். அங்கே ஏற்கெனவே ஒரு தூக்குவாளி இருந்தது. ஜிஷா வீட்டுத் தூக்கு. மூடி திறக்கப்படவே இல்லை.

மஞ்சுஷா வீட்டுக்கு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் இரண்டு நாளா அடுப்பே பத்த வைக்கல அத்தை."

"தெரியும். கடுகு வெடிக்கலையே." சரோஜம்மா சுவரைப் பார்த்தாள். "கொடுத்தா வாங்கி மூடி வெச்சுடுவார். கேட்டாதான் எழுந்திருப்பார். கேட்டவளுக்குக் கொடுத்துட்டு, மிச்சத்தை அவரும் சாப்பிடுவார்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எல்லாரும் அவரைப் பாவம்னு பார்ப்பீங்க. அதுக்கு என்னைத் தீனிப்பண்டாரம்னு சிரிச்சுட்டுப் போகட்டும்."

மறுநாள் சாயங்காலம் குழாயடியில் நல்ல கூட்டம். அத்தனை பேர் பார்க்க, மஞ்சுஷா கிண்ணத்தோடு ராஜப்பன் வீட்டுப் படியேறினாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணம்.

"மாமா, அத்தை ரசம் கேட்டாங்க. எனக்கும் சேர்த்து வைங்க!"

உள்ளே விளக்கு எரிந்தது.

ஜிஷா குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள். "என்ன சேச்சி, இப்போ நீங்களுமா?"

"ஆமா, எங்க வீட்டில யாருக்கும் சோறில்ல," என்றாள் மஞ்சுஷா. "நீயும் ஒரு கிண்ணம் எடுத்துட்டு வா."