கைக்குட்டை போட்ட நாற்காலி

சிவராமன் சட்டைக்குச் செண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் நின்ற சந்திரலேகாவுக்கு வாசனை மூக்கில் ஏறியதுமே வயிறு எரிந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஆறு நாளும் கரிச்சட்டியாக வீடு திரும்புகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

"காரைக்கால் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்றான்.

எதற்கு என்று கேட்டாள். வந்து சொல்வதாகச் சொன்னான். இரண்டு மாதமாக இதே பதில்தான். வந்து சொன்னதே இல்லை.

பொங்கலுக்கு அவள் தம்பி மன்னார்குடியிலிருந்து வந்துபோன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சரக்கு மலிவான காரைக்கால் வீடென்றால் கறிச்சோற்றைவிடப் பாட்டில் முக்கியம். அதற்கென்றே தீபாவளி சமயத்தில் வாங்கிப் பீரோவில் வைத்திருந்ததைத் தம்பி எடுத்துப் பார்த்தால், பாதிகூட இல்லை.

"என்ன அத்தான், நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று அவன் சிரித்தான். சிவராமன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பீரோ சாவி அவனுடைய பைக் சாவியோடு சேர்ந்துவிட்டது. கட்டினவளிடமே சாவியை மறைக்கிறவன் வேறு எதைத்தான் மறைக்கமாட்டான் என்று சந்திரலேகா உள்ளுக்குள் குமுறினாள். யாரிடம் சொல்லி அழ?

போன வாரம் அவன் குளிக்கப் போயிருந்தபோது கட்டிலில் கிடந்த செல்போன் மினுக்கியது. கீர்த்திகா என்று பெயர். 'ஞாயிறு அஞ்சு மணி. மாதா கோயில் வீதி, பள்ளிக்கூட மாடி. கண்டிப்பா வாங்க.' கண்டிப்பாவாம். பெயரைப் பார்த்தாலே முப்பதைத் தாண்டாதவள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து சந்திரலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவன் பைக் தெருமுனை திரும்பியதும் நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். கை நடுங்கிப் பொட்டு கோணலாகப் போனது. ஆத்திரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். வாயில் இரண்டு கிராம்பை அடக்கிக்கொண்டு போலகத்தில் பஸ் ஏறினாள்.

வழி நெடுக வசனம் தயாரானது. அந்தக் கீர்த்திகா கொண்டையைப் பிடிப்பதா, இவன் சட்டையைப் பிடிப்பதா என்பதுதான் முடிவாகவில்லை.

பள்ளிக்கூட மாடியில், கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'குடியை விட நினைப்பவர்கள் வரலாம். வீட்டாரும் வரலாம்.' சந்திரலேகா கதவில் வைக்கப்போன கையை எடுத்துக்கொண்டாள். தம்பி கேட்ட கேள்வி காதில் கேட்டது. பேசாமல் இறங்கிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே சிவராமன் சிரித்தான். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தலைநிறைய மல்லிகை வைத்த ஒருத்தி அவனுக்கு டீ நீட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அதில் அவனுடைய கைக்குட்டை கிடந்தது. உட்கார வந்த ஒருவரை, ஆள் வருகிறது என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினான்.

அட்டை, கூட்டம் எல்லாம் மறந்துபோயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"யாருக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கீங்க? இவளுக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். சிவராமன் எழுந்தான். கோபப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து அந்த நாற்காலியைத் துடைத்தான்.

மல்லிகைக்காரிதான் பதில் சொன்னாள். "நான் கீர்த்திகா, இந்தக் கூட்டத்த நடத்துறவ. இந்த இடம் உங்களுக்குத்தான்க்கா. வாராவாரம் கைக்குட்டையப் போட்டுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. கூட்டிட்டு வாங்கன்னா, கேக்கவே பயமா இருக்குங்கம்பாரு."

சந்திரலேகா மெல்ல உட்கார்ந்தாள். இத்தனை நாள் யார்மேல் பொறாமைப்பட்டோம் என்று பார்த்தால் தன்மேலேயே! வெட்கமாக இருந்தது. பக்கத்தில் செண்ட் வாசனை அடித்தது; இப்போது வயிறு எரியவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, குடியால் வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள். யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. சிவராமனின் முறை வந்தது.

"என் பேரு சிவராமன்" என்றான். பொங்கலன்று தம்பிக்கு முன்னால் குனிந்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையை அவளால் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி, வாயிலிருந்த கிராம்பை அதில் துப்பிவிட்டு எழுந்தாள்.

"என் பேரு சந்திரலேகா. தம்பிக்கு வெச்சிருந்த பாட்டிலக் குடிச்சது நான்தாங்க."