ஆறு வாரம்

"பெருசாவே கிழிச்சிடுங்க டாக்டர்" என்றாள் அவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரம்மா ஸ்கேன் படத்திலிருந்து தலையைத் தூக்கினார். வயிற்றுச் சுவர் விட்டுப்போன இடத்தில் குடல் பிதுங்கி மாட்டிக்கொண்டிருந்தது. தாமதித்தால் அழுகிவிடும். மூன்று சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் சரிசெய்துவிடலாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று இப்போதுதான் பொறுமையாகச் சொல்லி முடித்திருந்தார்.

"எல்லாரும் தழும்பு தெரியக் கூடாதும்பாங்க. உனக்கு ஜிப் வெச்சுத் தரணுமா?" என்றாள் நர்ஸ்.

அவள் சிரிக்கவில்லை. "பெருசா கிழிச்சா எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது?"

"ஆறு வாரம். ஓட்டைன்னா ரெண்டு வாரம் போதும்."

"அப்ப பெருசாவே."

அப்படி எதைத் தூக்குகிறாய் என்று கேட்டார் டாக்டரம்மா. மாமியாரை என்றாள். வாதம் வந்து படுத்து நாலு வருஷம். குளிப்பாட்ட, துடைக்க, புரட்டிப் போட எல்லாவற்றுக்கும் அவள்தான் தூக்க வேண்டும். படுத்ததிலிருந்து மாமியாருக்கு எடை மட்டும் குறையவே இல்லை. மகன் தூக்கினால் அம்மாவுக்குக் கூச்சம். அம்மாவைத் தூக்கினால் மகனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஜுரம் வந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கினாள். குடல் பிதுங்கியதும் அப்படித் தூக்கும்போதுதான்.

"ஓட்டையைக் காட்டினா யாரும் நம்ப மாட்டாங்க டாக்டர்."

அதற்காக ஒருத்தி வயிற்றைக் கிழிக்க முடியாது, அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளியே அவள் கணவன் நர்ஸை நிறுத்தினான். செலவைப் பற்றிக் கவலையில்லை, ஓட்டை போட்டே செய்யச் சொல்லுங்கள், அவள் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று தழுதழுத்தான். நர்ஸுக்கு மனசு இளகிவிட்டது. தன் வீட்டிலும் புருஷன் என்று ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே அவளைத் தள்ளுவண்டியில் ஆபரேஷன் அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்.

"ஆனா ஓட்டை வழியா முடியலை. பெருசாத்தான் கிழிக்க வேண்டியதாப் போச்சு. ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

கணவன் முகம் செத்துப்போனது. அவளைப் பார்க்கலாமா என்றுதான் கேட்கப்போகிறான் என்று நர்ஸ் நினைத்தாள்.

"ஆறு வாரமா? அப்ப எங்கம்மாவை யாரு தூக்கறது?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா நடந்தார்.

மறுநாள் நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும் ஒரே கட்டு. ரொம்பப் பெரிய தழும்பா என்று அவள் மெல்லக் கேட்டாள். நர்ஸ் கட்டை ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே வந்தாள். பாதியில் கை நின்றது.

சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். அந்தப் பெரிய கட்டுக்கு அடியில் மூன்றே மூன்று சின்ன ஓட்டைகள்தான் இருந்தன.