முந்நூற்றில் ஒன்று

கைக்கடிகாரத் திரையில் எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடுகள்.

அவன் கையை உதறினான். மறுபடியும் கோடுகள்.

அவள் பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பெருவிரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் அழுத்திப் பார்த்தாள். பெருவிரலுக்கென்று தனித் துடிப்பு உண்டு. அது ஆளை ஏமாற்றும்.

துடித்தது.

"இருக்கு," என்றாள், தனக்கே சொல்வதுபோல.

"பின்னே, இல்லாமலா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்?"

பாளையங்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடி மேசைமேல் நான்கைந்து கருவிகள். அதில் ஒன்றை வாங்க வேண்டும். நடக்கும்போது எத்தனை கலோரி எரிகிறது என்று பொய்யில்லாமல் சொல்லும் ஒன்றை.

நடந்து நடந்து தினமும் முந்நூறு கலோரி எரிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி. தினமும், வயிற்றில்.

அவன் பரோட்டா மாஸ்டர். கொதிக்கிற கல்லுக்குப் பயப்பட மாட்டான். ஊசிக்குப் பயப்படுவான். அவன் அண்ணன் போட்டுக்கொள்ளும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

போன மாதம் மைத்துனனின் பட்டையைக் கட்டிப் பார்த்தாயிற்று. அது அடிகளை எண்ணும் பட்டை. உள்ளே கடுகளவு சில்லு ஒன்று கையின் வீச்சை உணர்கிறது. ஒரு வீச்சு என்றால் ஓர் அடி. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதைக் கட்டிக்கொண்டு அவன் கொத்து பரோட்டா போட்டான்.

ஒரே மாலையில் பதினாலாயிரம் அடி. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கன்னியாகுமரிக்கே நடந்துட்டேன் வல்லி," என்று வீட்டில் மார்தட்டினான். அந்தத் தெம்பில் இரண்டு துண்டு அல்வாவும் சாப்பிட்டான்.

அதனால்தான் இன்றைக்கு அவளும் கூட வந்திருக்கிறாள்.

கடைக்காரப் பெண் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் பச்சை வெளிச்சம்.

இரத்தம் பச்சை வெளிச்சத்தைக் குடித்துவிடும். இதயம் ஒருமுறை அடிக்கும்போது மணிக்கட்டுக்கு இரத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும். வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். அடுத்த அடிக்குள் இரத்தம் தணியும், வெளிச்சம் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு. துடிப்போடு வயதையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய, கலோரி.

தோலைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கிற வித்தை.

ஆனால் அவன் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தது.

செண்பகவல்லி.

கடிகாரம் உட்காரும் அதே இடத்தில், கெட்டியாக, கரும்பச்சையாக. மையும் வெளிச்சத்தைக் குடிக்கும். இரத்தம்வரை போகவே விடாது.

இருபத்தேழு வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில் குத்திக்கொண்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே. அன்று அவனிடம் கைக்கடிகாரம் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

"அன்னைக்கு மட்டும் ஊசிக்குப் பயமில்லையோ?" என்றாள் செண்பகவல்லி.

கடைக்காரப் பெண் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரித்தாள்.

வலது கையில் கட்டிப் பார்த்தார்கள். அங்கே கல் சுட்ட தழும்புகள். எண் அறுபது என்றது. மூச்சு விடுவதற்குள் நூற்று நாற்பது என்றது.

துடிப்பை எண்ணும் மோதிரம் ஒன்றும் இருந்தது. மாவு பிசைகிற கைக்கு மோதிரம் ஆகாது. கல்யாண மோதிரமே சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது. நெஞ்சில் கட்டுவது.

இது வெளிச்சத்தை நம்புவதில்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும் முன்பும் மிகச் சிறிய மின்சாரம் ஒன்று கிளம்பித் தோல்வரை வருகிறது. பட்டை அதைப் பிடித்துக்கொள்கிறது. கை கொத்தினாலும் சரி, வீசினாலும் சரி, அது கண்டுகொள்ளாது. ஒரே ஒரு நிபந்தனை. உட்புறம் ஈரமாக இருக்க வேண்டும்.

உடை மாற்றும் அறை. ஒருவர் நிற்கிற இடத்தில் இருவர். அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். எண்கள் கைபேசியில் தெரியும். அதை வைத்துக்கொண்டு கடைக்காரப் பெண் வெளியே நின்றாள்.

அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். அவள் தண்ணீரில் விரல்களை நனைத்துப் பட்டையில் தடவினாள். சுற்றி வந்து முதுகுப் பக்கம் கொக்கியை மாட்டினாள்.

"எழுபத்து நாலு," என்றது வெளியிலிருந்து குரல். "நல்லா வருது சார். அசையாம நில்லுங்க."

நின்றான்.

பட்டை கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் முன்னால் வந்து அதை மேலே ஏற்றினாள். நழுவாமலிருக்க, ஈர உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்தொண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் திரைச்சீலையைப் பார்த்தான்.

"எண்பத்தெட்டு... தொண்ணூத்து மூணு. சார், உள்ள ஓடுதீங்களா?"

"இல்லையே," என்றான்.

அவளுக்குத் தோள் குலுங்கியது. வாயைப் பொத்த ஒரு கைதான் மிச்சமிருந்தது.

"ஒரு கலோரி எரிஞ்சிருச்சு சார்."

"இதையே எடுத்துக்கிடுதோம்மா," என்றாள் அவள் வெளியே கேட்கும்படி. "இது பொய் சொல்லாது."

பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி:

"மிச்சம் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது."

கையை எடுக்கவில்லை.