பெயர் சொல்லாதவள்

கட்டிலின் கால்மாட்டில் அவள் கணவர் நின்றார். மூன்று நாள் தாடி. சட்டை கசங்கியிருந்தது.

அவளுக்கு அவர் பாதிதான் தெரிந்தார். இடப்பக்கம் எதைப் பார்த்தாலும் இருட்டு.

அந்தப் பாதியே போதும்.

மூட்டுவாதத்துக்குப் போட்டுக்கொண்ட ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டதாம். உடம்புக்குள் சும்மா கிடந்த வைரஸ் ஒன்று நேரம் பார்த்து மூளைக்கு ஏறிவிட்டதாம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி வரும் என்றார் டாக்டர். கை தடுமாறியபோதே வந்திருந்தால் ஊசியை நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார்.

அவள் சொல்லத்தான் செய்தாள்.

குழம்புச் சட்டி கை நழுவி உடைந்த அன்று சொன்னாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்ட அன்று சொன்னாள். பேச வந்த வார்த்தை வாயிலேயே நின்றுபோன அன்றும் சொன்னாள்.

நடிக்கிறாள் என்றார் கணவர். தன் தங்கை வீட்டுக் கல்யாண வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்றார். பந்தியில் எல்லோர் முன்னாலும் அவளைப் போல வாய் குழறிக் காட்டினார். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்படியே மூன்று மாதம் போனது.

அன்று வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

டாக்டர் வந்தார். என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றாள். எந்த ஊர் என்றார். ஒட்டன்சத்திரம் என்றாள். கணவர் பெயரைக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

கணவர் முந்திக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை, அவ்வளவு மரியாதை என்றார். அதில் பெருமை வேறு.

பெயர் வேண்டாம், இவர் யாரென்று மட்டும் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

கணவர் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். கண் கலங்கியிருந்தது. தாலி கட்டிய அன்றுகூட அவர் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

அவள் ஆசைதீரப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியலையே சார். பாவம், யாரையோ தேடி வந்திருக்காரு. வழி சொல்லி அனுப்பிவிடுங்க."

ஞாபகமும் போக ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டார். கணவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி விம்மினார். நர்ஸ் அவரை வெளியே கூட்டிப் போனாள்.

அவள் கண்ணை மூடினாள். பல நாள் கழித்து நல்ல தூக்கம் வந்தது.