பதினோரு ஒன்றுகள்

கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே ரசலையன் சார் கேட்டார்.

“உடஞ்சுதா டீச்சர்?”

செடிக்கு ஊற்ற எடுத்த தண்ணீரை ஹெப்சி டீச்சர் தன் காலில் ஊற்றிக்கொண்டாள்.

அவரைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். முடி போய்விட்டது, கன்னம் தொங்கிவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

எதிர்வீட்டு மாடியில் தங்கபாய் காயப்போட்ட துண்டை மறுபடி எடுத்து உதறினாள். ரசலையன் சாரின் மனைவி தவறியதும், மகன் வீட்டில் ஒட்டாமல் அவர் ஊர் திரும்பியதும், சார் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அன்றும் இன்றும் இந்த மனிதர் எது உடைந்ததா என்று கேட்கிறார்?

ஓர் எண்.

சொன்னால் தெரு நம்புமா?

அப்போது இருவரும் மார்த்தாண்டத்தில் ஒரு டுட்டோரியலில் கணக்கு எடுத்தார்கள். ஒரு மத்தியானம் சார் கரும்பலகையில் பதினோரு ஒன்றுகளை வேலிக்கம்பு மாதிரி வரிசையாக நிறுத்தினார். ஆயிரத்துச் சொச்சம் கோடி.

“இது பகா எண். எதாலயும் வகுபடாது. பந்தயம் வைக்கியளா?”

“உடச்சுக் காட்டுறேன் சார்,” என்றாள் ஹெப்சி டீச்சர்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டார். மறுநாளும். அப்புறம் தினமும். கதவுக்கு உள்ளே கால் வைத்ததில்லை. கேட்பார், பதில் வாங்குவார், போவார். அந்த ஒரு பதிலை வாங்க முகத்தில் பவுடர் எதற்கு என்பது தங்கபாயின் சந்தேகம்.

மூன்று ஒன்றுகள் நின்றால் மூன்றால் உடையும். ஏழு நின்றால் இருநூற்று முப்பத்தொன்பதால் உடையும். பதினொன்று மட்டும் முரண்டு பிடித்தது.

முரண்டுக்கும் ஒரு வழி உண்டு. அதை உடைக்கிற பகா எண் எதுவானாலும், இருபத்திரண்டின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். மற்றதையெல்லாம் தள்ளினாள். மிச்சத்தைக் குழம்பு கொதிக்கும்போதும் ஜெபக்கூட்டத்திலும் வகுத்துப் பார்த்தாள்.

ஒரு மழைநாளில் மீதி வரவில்லை.

இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.

தாளோடு வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் சார் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு. தேங்கிய தண்ணீரில் கொக்கு மாதிரி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து.

இனி இவருக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?

“உடஞ்சுதா டீச்சர்?”

“இல்ல சார்.”

தாள் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

அதன் பிறகும் இரண்டு மழைக்காலம் வந்தார். ஒரு நாளாவது வேறு எதையாவது கேட்பார் என்று அவள் பார்த்தாள். தெருவும் பார்த்தது.

கணக்கு வாத்தியார். முதல் கேள்விக்கு விடை வராமல் அடுத்ததுக்குப் போவாரா?

அது அவளுக்கு உறைத்தபோது அவர் பஹ்ரைனில் இருந்தார், பெண்டாட்டியோடு. இவளுக்கும் வரன்கள் வந்தன. எல்லாரையும் வகுத்துப் பார்த்து மீதி வருகிறது என்று தள்ளிவிட்டாள் என்றது தெரு.

இப்போது அவர் சட்டைப் பையில் பெரிய போன் ஒன்று எட்டிப் பார்த்தது.

“அதுல போட்டா ஒரு நொடியில சொல்லிருமே சார்?”

அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இதுக்குக் கணக்கு வராது டீச்சர்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“உடஞ்சுது சார். நீங்க செருப்பக் கையில வச்சிட்டு வந்த அன்னைக்கே.”

அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்மாடியில் துண்டு உதறும் சத்தம் நின்றது.